மேல என்றால் மேற்கு

நவம்பர் 9

இன்று மாலை வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை தவறினால் நாளை படிக்கும்போது எனக்கே சந்தேகம் வரும்.

நூர்ஜகான் மேடம் பலகையில் ஆறு புள்ளிகள் வைத்து, இடையில் பதினொரு கோடுகள் போட்டார். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் எண்.

"ஆறு ஊர். எல்லாத்துக்கும் கரன்ட் போகணும். மொத்தக் கம்பி கம்மியா இருக்கணும். சுபத்ரா, எப்படி?"

"சின்னக் கோட்டுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா சேர்க்கணும் மேடம். வட்டம் விழுந்தா அந்தக் கோட்டை விட்டுடணும்."

"வட்டம் ஏன் கூடாது?"

"ஒரு ஊருக்கு ரெண்டு வழி இருந்தா ஒரு வழி வீண்."

"அவ்ளோதான். மிஞ்சுறது மரம். ஆறு ஊருக்கு அஞ்சு கோடு, ஒண்ணு கூடக் கூடாது."

எனக்கு இது தெரிந்ததில் பெருமை ஒன்றுமில்லை. பகலில் நான் செய்யும் வேலையே இதுதான். மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பெரும்புயல் டெல்டா கரையில் இருந்த செல்போன் கோபுரங்களை எல்லாம் சாய்த்தது. அதன் பிறகு ஊருக்கு ஒரு குரல் தூண் நட்டார்கள். ஒரு விளக்கு, ஒரு சங்கு, ஒலிபெருக்கி, அதோடு ஒரு போன், அடியில் கேபிள்கள் வந்து சேரும் ஒரு மின் பெட்டி. புயல் வந்து மின்சாரம் நின்றால் தாலுகா தலைமையிடத்தில் இருக்கும் பேட்டரி நிலையம் இருநூற்றுப் பதினான்கு ஊர்த் தூண்களுக்கும் கரன்ட் கொடுக்கும். சாலையோரம் கேபிள்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றிலும் கரன்ட் விட்டால் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எந்தக் கேபிள் உயிரோடு இருக்க வேண்டும், எது அணைய வேண்டும் என்று நிமிடத்துக்கு நிமிடம் முடிவு செய்வது எங்கள் நிறுவனத்தின் வரைபட மென்பொருள். அது நீளத்தை மட்டும் பார்ப்பதில்லை. பள்ளத்தில் போகும் கோட்டுக்கு எடை, அதாவது செலவு, கூட்டும். அதற்கு ஊர்களின் உயரம் தெரிய வேண்டும்.

பல ஊர்களுக்கு உயரம் அளக்கப்படவில்லை. அந்தக் காலி இடங்களை நிரப்புவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஜூலையில் ஒரு விதி எழுதினேன். மாலை ஆறு மணிக்கு அது தினமும் தானாக ஓடும். புதிதாகச் சேரும் ஊர் ஏதாவது விட்டுப்போகும், நான் மறந்துவிடுவேன் என்ற பயத்தில் அப்படி வைத்தேன்.

இடைவேளையில் வைரவன் அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் வயர்மேன். டெல்டா கரையோரத்துக்காரர். பதவி உயர்வுக்காக எங்களோடு படிக்கிறார், கடைசி பெஞ்சு.

"என்னன்னு நெரப்புன?" என்றார்.

"பேரை வெச்சு. மேலன்னு ஆரம்பிச்சா மேடு, கீழன்னு ஆரம்பிச்சா பள்ளம்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "ஏம்மா, கோயிலச் சுத்திக் கீழ வீதின்னு ஒண்ணு இருக்குமே, அது என்ன குழிக்குள்ளயா இருக்கு? தேரு அங்க எறங்கி ஏறுதா?"

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

"மேலன்னா மேக்கு. கீழன்னா கெழக்கு. மெட்ராஸ்காரங்களுக்குத்தான் மேலன்னா மொட்டமாடி."

"ஆனா நாப்பது ஊர்ல சோதிச்சேன் அண்ணா. முப்பத்தேழு சரியா வந்துச்சு."

"வரும். எங்க பக்கம் நெலம் மேக்கேருந்து கெழக்க சரியுது, ஆறு ஓடுற தெசைல. கடல் கிட்டப் போனா கத வேற. கரையோரம் மணல்மேடு, அதுக்குப் பின்னாடி பள்ளம். அங்க கீழதான் மேல."

மறுபடி சிரிப்பு. தவறிய மூன்று ஊர்கள் எங்கே இருந்தன என்று ஜூலையில் நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். மூன்றும் கடலோரம்.

வங்கக் கடலில் காற்றழுத்தம். 13-ஆம் தேதி கரையைக் கடக்கும் என்கிறார்கள்.

நவம்பர் 10

கடற்கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் 'மேல' என்று தொடங்கும் ஊர்கள் இருபத்தாறு. காலை ஒன்பது மணியிலிருந்து ஒவ்வொன்றாகத் தூண் போனுக்கு அழைத்தேன். இருபத்தைந்து ஊர்களில் பயப்படும்படி ஒன்றுமில்லை. நான்கில் உயரம் கொஞ்சம் தவறு, மரம் மாறாது. மனம் லேசானது. இருபத்தாறாவது மேலக்கண்டல்.

தூணைப் பார்த்துக்கொள்பவர் செங்கமலம் என்ற அக்கா.

"மேடா? யாரு பாப்பா சொன்னது? நாங்க சட்டிக்குள்ள உக்காந்துருக்கோம். கெழக்க கீழக்கண்டல், அதான் மணல்மேடு. மேக்கயும் பாதையோரமும் எறால் குட்டை. மழ பேஞ்சா எல்லாத் தண்ணியும் எங்களப் பாக்க வந்துரும்."

"எவ்ளோ வரும்?"

"போன புயலுக்கு இடுப்பு. தூணுப் பெட்டி இருக்குல்ல, அதுக்கு மேல ஒரு சாண். அப்ப பெட்டி இல்ல, இப்ப இருக்கு."

"ஊர்ல எத்தன பேர் அக்கா?"

"முன்னூத்திப் பன்னெண்டு. நேத்து பொறந்தது சேத்து."

மென்பொருளில் மேலக்கண்டலின் உயரம் 2.6 மீட்டர். அக்கா சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டால் 0.4. மேடு என்று நான் சொன்னதை நம்பி, மரம் அந்த ஊரின் பெட்டி வழியாகத்தான் கிழக்கே கீழக்கண்டல் உட்பட ஏழு ஊர்களுக்குக் கோடு இழுத்திருக்கிறது. பெட்டி மூழ்கினால் எட்டு ஊரும் இருட்டு. ஏழு ஊரில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர்.

நவம்பர் 11

பத்ரி சாரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. எங்கள் பிரிவுக்கு அவர்தான் மேலாளர். கத்திப் பேசத் தெரியாதவர்.

"முதல்ல சோதனைப் பிரதியில மாத்திப் பாரு. என்ன ஆகுதுன்னு தெரியாம நிஜத்துல கை வெக்காத."

மாற்றினேன். 0.4. மரம் இரண்டு நொடியில் மறுபடி வரைந்தது. ஏழு ஊர்களும் உப்பளச் சாலை வழியாகப் பத்திரமாகச் சேர்ந்தன. பச்சைப் புள்ளிகள். 'பணி முடிந்தது. குறைந்த செலவு எட்டப்பட்டது' என்று எழுதியது.

மேலே மூலையில் ஊர்களின் எண்ணிக்கை இருக்கும். 214 என்று இருந்தது 213 ஆகியிருந்தது.

மேலக்கண்டல் சாம்பல் நிறமாக இருந்தது. அதற்கு ஒரு கோடும் போகவில்லை.

"சார், ஒரு ஊர் விட்டுப்போச்சு."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "விட்டுப்போகல. எடை நூறைத் தாண்டினா அந்தக் கோடு இல்லாத கோடுன்னு திட்டத்துலயே இருக்கு. இந்த ஊருக்குப் போற எல்லாக் கோடும் நூத்துக்கு மேல. அதனால ஊரையே எடுத்துடுச்சு. ஒரு ஊரால மத்த ஊர் இருட்டாகக் கூடாதுன்னு வெச்ச விதி."

"ஒரு எச்சரிக்கை கூட வரலயே."

"அதுக்கு இது தப்பு இல்லயே, சுபத்ரா. தன் கணக்குல அது சரியாத்தான் செஞ்சிருக்கு."

ஆக, பொய்யை விட்டுவைத்தால் தண்ணீர் பெட்டியைத் தொடும் வரை எட்டு ஊருக்கும் வெளிச்சம், பிறகு எட்டுக்கும் இருட்டு. உண்மையை எழுதினால் ஏழு ஊர் பிழைக்கும். எட்டாவது ஊருக்கு, தண்ணீர் வருவதற்கு முன்பே, மின்சாரம் நின்ற நொடியிலேயே இருட்டு. உண்மையைச் சொன்னதற்காக ஓர் ஊரைத் தண்டிப்பது போல இருந்தது. அந்த எண்ணை எழுதப்போவது என் விரல்.

"நிஜத்துல மாத்தலாமா சார்?"

"மாத்தித்தான் ஆகணும். ஆனா போன்ல சொன்ன உயரம். அளந்து வந்தது இல்ல. 'உறுதியாகாதது'ன்னு குறிச்சு வை. எப்ப மாத்தறதுன்னு நீயே பாரு. மேல கேட்டா நான் சொல்லிக்கறேன்."

நீயே பாரு என்ற சொல்லுக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று தெரியாது.

நவம்பர் 12

வகுப்பு பாதியில் முடிந்தது. சென்னையிலும் மழை. வெளியே டீக்கடையில் வைரவன் அண்ணாவிடம் முழுவதும் சொன்னேன்.

"ரெண்டு வழியும் இருக்கட்டும்னு போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். மேலக்கண்டல் கோடும் உப்பளக் கோடும் ரெண்டும் வேணும்னு கொடுத்தேன். ஒரு நிமிஷத்துல 'வட்டம் நீக்கப்பட்டது'ன்னு வந்துச்சு. நீளமானதை வெட்டிடுச்சு."

"மரமாச்சே, அது அப்படித்தான் செய்யும். மரத்துல எந்தக் கோட்ட வெட்டினாலும் ஒரு பக்கம் செத்துப் போகும். ஒவ்வொரு கோடும் ஒத்தப் புள்ள மாதிரி. நாங்க லைன் இழுக்கும்போது எப்பவும் ஒண்ணு உபரியா விடுவோம். ஆபீஸ்ல வந்து திட்டுவாங்க. புயல் அன்னிக்கு வந்து கும்புடுவாங்க."

டீ கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"புள்ளிய நகத்த முடியாது. ஆள நகத்தலாமில்ல? தூணு பேசுற வரைக்கும் பேசச் சொல்லு. எல்லாரும் மணல்மேட்டுக்குப் போகட்டும். போனப்புறம் எழுது உன் உண்மைய."

மேலக்கண்டலிலிருந்து கீழக்கண்டலுக்கு அறுநூற்று நாற்பது மீட்டர். எங்கள் மரத்திலேயே மிகக் குறைந்த நீளமுள்ள கோடு அதுதான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் செங்கமலம் அக்காவை அழைத்தேன்.

"கீழக்கண்டலுக்கா?" என்றார். "பாப்பா, உன் கம்ப்யூட்டர்ல வேலி தெரியுமா?"

"எந்த வேலி?"

"பாதைல முள்ளுவேலி போட்டு ரெண்டு வருஷமாச்சு. எங்க சாவு அவங்க தெரு வழியாப் போகக் கூடாதுன்னு தகராறு. கலெக்டராபீசு வரைக்கும் போச்சு. எங்க சனம் செத்தாலும் சாவும், அங்க போய் நிக்காது."

மிகக் குட்டையான கோடு.

நவம்பர் 13

காலை 10.20. கீழக்கண்டல் தூணைப் பார்த்துக்கொள்பவர் அருளப்பன் என்ற மீனவர். அவரை அழைத்தேன். பேசத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் தப்பில் ஆரம்பித்துத்தான் சொன்னேன்.

"இதெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்ற? செங்கமலத்துக்கு வாய் இல்லயா?" என்றார்.

இரண்டு தூண்களையும் ஒரே இணைப்பில் போட எனக்கு அனுமதி உண்டா என்று தெரியவில்லை. போட்டேன்.

"என்ன செங்கமலம், எங்க மேடு இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுதா?"

"மேடு எப்பவும் தெரியுது. ஒங்க வேலிதான் மறைக்குது."

"வேலி நான் கட்டல."

"கட்டும்போது கயிறு குடுத்தது யாரு? நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

ஒலிவாங்கியில் காற்று உறுமியது. இரண்டு ஊரிலும் ஒரே காற்று.

"எத்தன பேரு?" என்றார் அருளப்பன், கடைசியில்.

"முன்னூத்திப் பன்னெண்டு."

"ஸ்கூல் சாவி எங்கிட்டதான் இருக்கு. பங்குச் சாமிகிட்ட மாதா கோயிலயும் தெறக்கச் சொல்றேன். வேலியப் பிரிச்சு விடுறேன். பிரிச்சது நான்னு மட்டும் மைக்குல சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன். காத்து பிரிச்சுதுன்னு சொல்றேன்," என்றார் செங்கமலம் அக்கா.

பகல் ஒன்றரை மணிக்கு ஊர் நகர ஆரம்பித்தது. நான்கு மணிக்கு மழை சாய்ந்து அடித்தது. மின்சாரம் நின்றது. மரம் வேலை செய்ய ஆரம்பித்தது. திரையில் 214.

5.20. செங்கமலம் அக்கா: "எல்லாரும் போயாச்சு. தவசி பெரியவரு மட்டும் நடக்க மாட்டாரு, கட்டிலோட ரெண்டு பேரு தூக்குறாங்க. நானும் அவங்களோட போறேன். தண்ணி முழங்காலு. ஒன் வேலயப் பாரு பாப்பா."

"அக்கா, எழுதினா உங்க தூண் அணைஞ்சிடும்."

"தெரியும். எழுது."

5.31. 0.4 என்று எழுதினேன். 'உறுதியாகாதது' என்று குறித்தேன். 213. மேலக்கண்டல் சாம்பலானது. அக்காவின் போனும் அந்தத் தூணோடு போனது.

5.52. அருளப்பன்: "முன்னூத்தி எட்டு வந்துருக்கு. நாலு கொறையுது. கட்டிலும் வரல, செங்கமலமும் வரல. பாதை முழுக்கத் தண்ணி, கும்மிருட்டு. ரெண்டு பேரு தேடப் போய் கழுத்தளவு குட்டைல எறங்கித் திரும்பிட்டாங்க. பாதை எது குட்டை எதுன்னு தெரியல."

பதினைந்து நிமிடம் பொறுத்து எழுதியிருந்தால் வெளிச்சம் இருந்திருக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தை நான்தான் கொடுக்கவில்லை. பத்ரி சார் என் பின்னால் வந்து நின்றார்.

6.00. திரை ஒரு தடவை சிமிட்டியது. 214.

மேலக்கண்டல் பச்சை. ஏழு ஊர்களின் கோடுகளும் உப்பளச் சாலையை விட்டுவிட்டு மறுபடி அந்தப் பெட்டிக்குள் போய் நுழைந்திருந்தன.

"யாரு மாத்தினது?" என்றார் பத்ரி சார்.

தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறிக்கொண்டிருக்கும். பெட்டி மூழ்கினால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர், ஸ்கூலில் இருக்கும் முன்னூற்று எட்டுப் பேர், எல்லோருக்கும் இருட்டு. பதிவேட்டைத் திறந்தேன். விரல் வேறு எங்கோ போனது. மறுபடி திறந்தேன். மேலக்கண்டல் தூண் போனுக்கு அழைத்துப் பார்த்தேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

பதிவேட்டில் மாற்றியவர் பெயர் இருந்தது. என் பெயர்.

மென்பொருளுக்கு உறுதியாகாத உயரம் என்றால் காலி என்று அர்த்தம். காலி இடத்தை மாலை ஆறு மணிக்கு என் விதி நிரப்பும். மேல என்றால் மேடு. 2.6.

விதியை அழித்தேன். 0.4 எழுதினேன். 213. மணி 6.09.

பத்ரி சார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

6.41. அருளப்பன்: "வந்துட்டாங்க. நாலு பேரும். கட்டிலு போச்சு, ஆளு இருக்கு."

நவம்பர் 14

மேலக்கண்டல் பெட்டி நேற்று ஏழே கால் மணிக்கு மூழ்கியிருக்கிறது. ஏழு ஊர்களிலும் விடியும் வரை விளக்கு எரிந்தது. மேலக்கண்டலில் வீடு என்று நிற்பது ஒன்பதுதானாம்.

பத்ரி சார் அறிக்கை கேட்டார். '6.00 முதல் 6.09 வரை, மனிதத் தவறு' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

"எல்லாரும் தப்பிச்சாங்க. அத நெனச்சுக்கோ," என்றார்.

எப்படித் தப்பினார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நவம்பர் 24

இன்று செங்கமலம் அக்கா அருளப்பனின் தூண் போனிலிருந்து கூப்பிட்டார். ஊருக்குத் திரும்பிவிட்டார்களாம், ஓலையும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிக்கொண்டு.

"வேலி மறுபடி வந்துருச்சாக்கா?"

"இன்னும் வரல. காத்து பிரிச்சதாச்சே, திரும்பக் கட்டுறதுக்கு யோசிக்கிறாங்க." சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "பாப்பா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நாங்க நாலு பேரும் பாத தப்பிட்டோம். எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் குட்டைன்னு ஒண்ணும் தெரியல. தண்ணி நெஞ்சுக்கு வந்துருச்சு. தவசிய தோள்ல போட்டுக்கிட்டு அப்படியே நிக்குறோம். திடீர்னு முதுகுப் பக்கம் வெளிச்சம். பாத்தா நம்ம தூணு. தூணு மேக்க இருக்குன்னா கெழக்க மேடு. அத முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு நேரா நடந்தோம். மணல் காலுல பட்டுச்சு, வெளக்கு அணைஞ்சுது. நீதான போட்ட?"



"இல்லக்கா. அது நான் பண்ண தப்பு. ஜூலைலயே பண்ணது. தானா எரிஞ்சுது. நான்தான் அணைச்சேன்."

"தப்பா?"

"ஆமா."



"அப்ப அடுத்த தடவ அந்தத் தப்பு நடக்காதுல்ல?" என்றார்.

பயந்து கேட்டாரா, வேண்டிக் கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. இப்போதும் புரியவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது.

கரையில் மின்சாரம் இன்னும் வரவில்லை, தூண்கள் பேட்டரியில்தான்; மூழ்கிய பெட்டியும் காய்ந்து சரியாகிவிட்டது. திரையில் 213. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் ஊருக்குள் இருக்கிறார்கள், மரத்தில் இல்லை. பெட்டியை உயரத் தூக்கி வைக்கச் சொல்லி பத்ரி சார் எழுதிய கடிதம் மூன்றாவது மேசையில் இருக்கிறது. உபரியாக ஒரு கோடு கேட்டதற்கு, 'வட்டம் அனுமதிக்கப்படாது' என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. அந்தமான் பக்கம் மறுபடி ஒரு காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் கிளம்பும் வரை காத்திருந்து, அழித்த விதியை மறுபடி எழுதினேன். இந்த முறை ஓர் ஊருக்கு மட்டும். மாலை ஆறு மணிக்கு, 'மேல' என்றால் மேடு, 2.6. ஆறு ஒன்பதுக்கு, 'மேல' என்றால் மேற்கு, 0.4.

அந்த ஒன்பது நிமிடத்தில் பெட்டி தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். செய்தது சரியா என்று மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

6.00. 214.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்நேரம் அங்கே யாராவது முதுகை வெளிச்சத்துக்குக் காட்டி, கிழக்கு எது என்று ஒரு தரம் பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

6.09. 213.